மடிப்புக்குள் வைத்த சீட்டு

தேவாலயத்துப் பீடத்தின் விரிப்பை ஆண்டுக்கு ஒன்றாகத் தையற்காரர்தான் தைத்துக் கொடுத்து வந்தார். "ஆண்டவருக்குச் செய்யறதுக்கு எதுக்குங்க கூலி?" என்று, நீட்டிய பணத்தை ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுவார்.

இந்த ஆண்டு போதகர், நைந்துபோன பழைய விரிப்புகளைக் கைத்துணிகளாக வெட்டித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். கட்டிலில் சாய்ந்தபடி தையற்காரரின் மகள் அவற்றின் ஓர மடிப்பைப் பிரித்தாள். பதினொரு வயதில் காய்ச்சலில் விழுந்தவள். அதற்குப் பிறகு அவள் கால்கள் தரையில் ஊன்றவில்லை.

ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் ஒரு சீட்டு விழுந்தது. எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்தில் ஒரே வரி: என் மகள் நடக்க வேண்டும்.

"என்னப்பா இது? கூலியே வேணாம்னு மார்தட்டிட்டு, வருஷாவருஷம் கமுக்கமா பில் வச்சு அனுப்பியிருக்கீங்க!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கியது. "நான் நடக்கவே இல்லேன்னா தைக்க மாட்டீங்களாப்பா?"

புது விரிப்பு இயந்திரத்தில் கிடந்தது. இந்த ஆண்டுச் சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. மடிப்பைத் தைக்கத் தொடங்கினார். வழக்கமாகச் சீட்டு நுழைக்கும் இடம் வந்ததும் மிதித்த கால் தானாக நின்றது. சீட்டை வைக்கவும் மனம் வரவில்லை, மூடித் தைக்கவும் மனம் வரவில்லை. அந்த நான்கு விரல் அகலத்தை அப்படியே விட்டுவிட்டார்.

ஞாயிறன்று போதகர் விரிப்பைத் தடவிப் பார்த்தார். "ஓரத்துல கொஞ்சம் தைக்காம விட்டுப்போச்சே, அண்ணே."

"தெரியும் ஐயா" என்றார் தையற்காரர். ஊசியை எடுக்கவில்லை.