காசித்தும்பைக்கு நடுவே கோரை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைக்கப் பல தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். "பூக்கள் எப்போதுமே நம்மிடம்…" (அடித்துவிட்டேன். பூக்களைப் பற்றி இப்படி எழுதுகிறவர்களை அக்காவுக்கு ஆகாது.)

நடந்ததையே எழுதுகிறேன். அன்று காலை அக்கா காசித்தும்பைச் செடிகளின் மேல் பழைய பிளாஸ்டிக் டப்பாக்களைக் கவிழ்த்துவிட்டு, இடையில் முளைத்திருந்த கோரைக்கு இலை இலையாகக் களைக்கொல்லி பூசிக்கொண்டிருந்தாள். கையில் உறை, சின்ன பிரஷ்.*

"என்னக்கா, கோரைக்கு நெயில் பாலிஷா?"

"வாயாடாம அந்த டப்பாவ எடுத்துக் குடுடி. தெளிச்சா பூவும் சேர்ந்து போயிடும்."

மதியம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

* பிடுங்கினால் கோரை அறுந்து கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் சிரித்துக்கொண்டிருக்கும். (சிரிப்பு கொஞ்சம் அதிகம். இருந்துவிட்டுப் போகட்டும்.)

2

மாமா, அதாவது அக்காவின் கணவர், கதையின் வில்லன். துக்கம் கேட்க ஆட்கள் வருகிறார்களே, தோட்டம் காடாகக் கிடக்கிறதே என்று, அவள் வைத்திருந்த களைக்கொல்லியைத் தெளிப்பானில் ஊற்றி, நல்ல காற்றில், கண்ட இடமெல்லாம் அடித்தார். கோரையோடு காசித்தும்பையும் கருகியது.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

"சுத்தமாத்தானேம்மா பண்ணேன்?"

அதைக் கேட்டதும் நான் அவரை

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

3

முடிவு இரண்டு விதமாக வருகிறது. வேண்டுமென்றே செய்தார் என்று எழுதலாம்: அவளுடைய பொழுதையெல்லாம் வாங்கிக்கொண்ட செடிகள் மேல் பழைய பொறாமை. எனக்கு வேண்டியது இதுதான். எழுதிவிட்டால் ஆயுசுக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டாம். தெரியாமல் செய்தார் என்றும் எழுதலாம். அப்புறம் மன்னிக்கச் சொல்வீர்கள்.

நேற்று மாமா கருகிய செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனார். சன்னலில் நின்று பார்த்தேன். தோட்டத்துக் குழாயோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஏம்மா, இத எந்தப் பக்கம் திருப்பணும்?"

இந்த வீட்டிலேயே தலை நரைத்தவர். பொறாமைப்படவாவது ஒரு தடவை அந்தச் செடிகளிடம் வந்து நின்றிருக்க வேண்டாமா?

என் வில்லன் கைவிட்டுப் போனான். மிச்சம் நிற்கிற மனிதரை மன்னிப்பதா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். குழாயை எந்தப் பக்கம் திருப்புவதென்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

அந்தக் குழாய் மற்றக் குழாய்களைப் போல அல்ல. வலப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும். இப்போதும் அப்படித்தான்.