நடுநிலையான ஒரு வரி

ஓடென்சே நகர நூலகத்தின் மேல்மாடிக் காபிக் கடையில் ஒரே ஒரு வாக்கியத்துக்காக மூன்று பேர் மதியத்திலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அஸ்கருக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்தது. இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் எழுதுகிறவன் அவன். சண்டை முற்றிய பக்கங்களெல்லாம் கடைசியில் அவன் தலையில்தான் வந்து விழும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற கதைதான்: பக்தர்கள் அவனை எதிரி என்பார்கள், எதிரிகள் அவனைப் பக்தன் என்பார்கள்.

இன்றைய பக்கம் 'அமைதி ஊற்று' இயக்கம். யூட்லாந்துப் பண்ணை ஒன்றில் முன்னாள் பல் மருத்துவர் ஒருவர் மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்து நடத்துவது. விபெகே அவருடைய சிஷ்யை. தோர்கில் அங்கே பல வருஷம் இருந்துவிட்டு, வெறுத்து வெளியே வந்தவன்.

"மோசடின்னு போடேன். என்ன பயம் உனக்கு?" என்றான் தோர்கில்.

"எந்தக் கோர்ட்டு சொல்லுச்சு மோசடின்னு?" விபெகே சீறினாள். "எனக்கு ஒத்தைத் தலைவலி அடியோட போயிடுச்சு. குணமாச்சுன்னு எழுது அஸ்கர்."

"நாளைக்கு ஆகாசத்துல பறந்தேன்னு இவ சொல்லுவா. அதையும் எழுதிக்கோ."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றான் அஸ்கர். "உங்களுக்கு நடந்தது எனக்கு வேணாம். அச்சுல என்ன வந்திருக்கு? அதைச் சொல்லுங்க."

அச்சில் வந்தது ஒரு பத்திரிகைப் பேட்டி. மாத்திரையை நிறுத்திய பிறகும் நலமாக இருப்பதாக உறுப்பினர்கள் சிலர் அதில் சொல்லியிருந்தார்கள். அதன் கீழேயே, மூச்சுப் பயிற்சி நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை என்ற மருத்துவ ஆய்வையும் சேர்க்கச் சொன்னான் தோர்கில். விபெகே விடவில்லை. ஆய்வில் இயக்கத்தின் பெயரே இல்லை, அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டினால் அது எழுதுகிறவனின் சொந்தக் கருத்து என்றாள். விதி அப்படித்தான் சொல்கிறது. அந்த விதியைச் சொல்லி அஸ்கரே எத்தனையோ பேரின் வாயை அடைத்திருக்கிறான்.

வாதாட அவனுக்குத் தெம்பில்லை. ஆய்வை விட்டுவிட்டு, பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் எழுதினான்: 'இப்பயிற்சியால் மருந்தின்றி நலமாக இருப்பதாக உறுப்பினர்கள் சிலர் கூறுகின்றனர்.' தோர்கில் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனான். அப்பாடா, ஒரு சனியன் தொலைந்தது என்று அஸ்கர் வீட்டுக்குப் போய்த் தூங்கினான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூபோர் ஊரில் அக்கா குட்ரூன் வீட்டில் சாப்பாடு. கறுப்பு ரொட்டி, ஊறவைத்த ஹெர்ரிங் மீன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. எத்தனையோ தடவை அவள் தலையை மடியில் தாங்கிப் பிடித்தவன் அஸ்கர். அவள் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் மாத்திரை டப்பாவைக் காணோம்.

"மாத்திரை எங்க?"

"நிறுத்திட்டேன். அமைதி ஊற்றுக்குப் போறேன்ல இப்ப."

அஸ்கர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "அந்தப் பல்லுப் பிடுங்குறவன் பேச்சைக் கேட்டா?"

"அவரை மட்டும் நம்ப நான் என்ன மக்கா? எந்தப் பக்கமும் சாராத இடத்துல பார்த்துட்டுத்தான் செஞ்சேன்." போனை எடுத்து நீட்டினாள். திரையில் அவனுடைய வரி இருந்தது.

"குட்ரூன், இதை எழுதினது நான்தான்."

"நீயா?"

"ஆமா. அலுத்துப்போய் எழுதினேன். சண்டை ஓஞ்சா போதும், வீட்டுக்குப் போனா போதும்னு எழுதினேன். இதை நம்பாதே. மாத்திரையைப் போடு, உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"அப்ப இது பொய்யா?"

"பொய் இல்ல. சிலர் அப்படிச் சொல்லத்தான் செய்றாங்க. ஆனா..."

குட்ரூனின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதானே பார்த்தேன். பொறந்ததுலேர்ந்து நீ ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லையேடா," என்று சொல்லி, மீன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.