மைக்கில் முதல் சொல்

“நிறுத்துங்க அண்ணாச்சி.”

ஜாய் ஓடிப்போய் வேனுக்கு முன்னால் நின்றாள். கூரையில் குழாய் ஒலிபெருக்கி கட்டிய வெள்ளை வேன். தெருத்தெருவாகச் சாவுச்செய்தி சொல்லக் கிளம்பிவிட்டது. இசக்கியப்பன் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறுகையில் மைக்குமாக எட்டிப் பார்த்தார்.

“என்னன்னு சொல்லப் போறீய?”

“கருவாட்டம்மா காலமானார்னு.”

“எங்க மாமி பேரு மெட்டில்டா. அதை முதல்ல சொல்லுங்க.”

“ஏளா, ஓடுற வண்டியில முதல் வார்த்தைதான் காதுல விழும். மிச்சத்தைக் காத்து கொண்டு போயிரும். மெட்டில்டான்னா இங்கன யாருக்குத் தெரியும்? ஆளில்லாம எடுக்கணுமா?”

ஜாய் வழிவிடவில்லை.

நேற்று மாமிக்குக் கஞ்சி ஊட்டும்போது ஜாய் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். “மாமி, ஒங்க பேருக்குப் போர்ல பலசாலின்னு அர்த்தமாம்.”

“மீன் ஏலத்துல நான் போட்ட சண்டை அவனுவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“இந்தப் பேருல அந்தக் காலத்து ராஜா மவ ஒருத்தி இங்கிலாந்து எனக்குத்தான்னு சண்டை போட்டிருக்கா. கோட்டையை எதிரி வளைச்சுட்டான். வெளிய ஒரே பனி. வெள்ளைத்துணியப் போத்திக்கிட்டு, ஒறைஞ்ச ஆத்து மேல நடந்தே தப்பிச்சுட்டா. ஒருத்தன் கண்ணுலயும் படல.”

மாதக்கணக்கில் படுத்தே கிடந்த மாமி கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

“திரும்பச் சொல்லு.”

மறுபடியும் மறுபடியும் சொல்லவைத்தாள். கஞ்சி ஆறிப்போனது.

“ஞானஸ்நானத்துல சாமியார் கூப்பிட்டதோட சரி. நான் போனா மைக்குல அந்தப் பேரை முதல்ல சொல்லச் சொல்லுளா.”

விடிந்தபோது மாமி இல்லை.

“தெரியாத பேருன்னா யாருன்னு கேக்கவாச்சும் வருவாவல்ல, அண்ணாச்சி?” என்றாள் ஜாய், வேனை மறித்தபடியே.

இசக்கியப்பன் அவளையே பார்த்தார். சாவு வீட்டில், சரியான பதில் சொல்லிவிட்ட மகிழ்ச்சியில் தன் முகம் இப்படிப் பளிச்சென்று இருக்கிறதே என்று ஜாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வெவரமான மருமவதான்” என்று வண்டியை எடுத்தார்.

“மெட்டில்டா... கருவாட்டம்மா என்கிற மெட்டில்டா, இன்று அதிகாலை இறைவனில் இளைப்பாறினார்...”

எதிர்வீட்டு அற்புதமணி ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். “யாருளா அது, மெட்டில்டா?”

ஜாய் வேன் போன கடற்பக்கம் கையைக் காட்டினாள். வேன் உப்பளச் சாலையில் திரும்பியிருந்தது. இருபுறமும் உப்புக் குவியல்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அந்த வெள்ளைக்குள் வேன் கண்ணுக்குத் தெரியவில்லை.

பெயர் மட்டும் கேட்டது.