குதிரைப் போர்வையைப் பிடித்தவர்

அடுத்த முறை பிடிபட்டால் வழக்கு, வழக்கென்றால் சிறை என்று பொலிசார் தெளிவாகச் சொல்லி அனுப்பிய பிறகும், என் புருசன் சிவகுருநாதன் ரயிலேறி வந்து என் வாசலில் நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு. மறியல் வீட்டுக்குப் போகிற மனிதர் சீர்வரிசையோடு புறப்பட்டிருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரம், அவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

அது 1986ஆம் ஆண்டுக் கோடைகாலம். இலங்கையிலிருந்து தஞ்சம் கேட்டு வந்த எங்களை ஜெர்மன்காரர் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். முதலில் வந்த எனக்குத் தெற்கே, பவேரியாவில் ஒரு சின்ன நகரம். பிறகு வந்த அவருக்கு வடக்கே, கடற்கரைப் பக்கம் ஒரு முகாம். அனுமதி இல்லாமல் ஒருவரும் தன் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. அவரை என்னிடம் மாற்றிவிடும்படி நான் இரண்டு தரம் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரமும் வெளிநாட்டவர் அலுவலகத்து அதிகாரி ஹெர் லோரென்ஸ் மறுத்துவிட்டார். கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை, கதிரையை விட்டு எழும்பவுமில்லை. "சட்டம் அப்படி" என்றார். சண்டை பிடிக்கக்கூட இடம் தராத மனிதர்.

வேலை செய்யவும் எங்களுக்கு அனுமதி இல்லை. சும்மா இருந்தால் விசர் பிடித்துவிடும் என்று தேவாலய மண்டபத்தில் நடந்த விழா உடுப்புத் தையலுக்குப் போனேன். நான்கு வருடத்துக்கு ஒரு முறை அந்த நகரம் ஐந்நூறு வருடம் பின்னால் போய்விடும். இளவரசர் ஒருவர் பட்டத்துக்கு வந்தபின் முதல்முதலாக நகருக்குள் நுழைந்த நாளை ஊரே சேர்ந்து நடிக்கும். அதற்காக ஆண்கள் எல்லோரும் முடி வளர்ப்பார்கள். தபால்காரரும் வங்கிக்காரரும் தோள்வரை முடியோடு திரிவதைக் கண்டு, ஊரோடு சேர்த்து ஏதோ நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தையலை நடத்திய ஃப்ராவ் மெர்க் ஒரு வாயாடி. எனக்கும் அவளுக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று. இந்தச் சட்டைக்குக் கை முழங்கால்வரை தொங்க வேண்டும், அந்தச் சட்டைக்கு இடுப்போடு நிற்க வேண்டும் என்பாள். சட்டைக் கையின் நீளத்தைப் பார்த்தே அதைப் போட்டவன் அரண்மனையில் எங்கே நிற்பவன் என்று கண்டுபிடிக்கலாமாம். இளவரசரின் கிண்ணத்துக்கு மட்டும் மூடி இருக்கும். அவருக்கு முன் அவருடைய உணவை இன்னொருவன் தின்று பார்ப்பான். கதவருகே யார் யாருக்கு வழிவிடுவது என்பதில் இரண்டு பிரபுக்கள் சண்டைக்கே போயிருக்கிறார்களாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். ஒரு முழத் துணிக்குள் இவ்வளவு அரசியலா!

ஒரு நாள் அவள் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூக்கிப் போட்டது. இளவரசர் வந்தவுடன் நகரக் கதவு திறக்காது. இந்த நகரத்தின் பழைய உரிமைகளைக் காப்பேன் என்று அவர் வாசலில் நின்று கை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும். அதன் பிறகே நகரம் அவருக்குச் சத்தியம் செய்து சாவியைக் கொடுக்கும்.

"ராசா முதலிலா?" என்று கேட்டேன்.

"ராசாதான் முதலில்" என்றாள்.

நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். எங்களை ஆண்டவர்கள் எங்கள் வாசலில் வந்து கை உயர்த்தியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

கதவு திறந்ததும் இன்னொரு வழக்கம் உண்டு என்றாள். ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் மதிலுக்கு வெளியே சாக்குச் சட்டையோடு காத்திருப்பார்கள். இளவரசரின் குதிரைக்குப் போர்த்திய நீண்ட துணியைப் பிடித்துக்கொண்டே அவர்களும் உள்ளே வருவார்கள். துணியில் கை இருக்கும்வரை ஒருவரும் அவர்களைத் தொடக் கூடாது. சந்தைச் சதுக்கத்தில் அரச அறிவிப்புச் சொல்லும் கட்டியக்காரர் அவர்களின் குற்றத்தைக் கேட்பார். பிறகு இளவரசர், "இவன்மேல் குற்றம் சாட்டுபவர் உண்டா?" என்று ஊரைக் கேட்பார். 'நீமண்ட்', அதாவது ஒருவருமில்லை, என்று பதில் வந்தால் மன்னிப்பு. அந்தப் போர்வையின் ஓரத்தை மடித்துத் தைத்தவள் நான். நல்ல வழக்கம் என்று நினைத்ததோடு சரி.

விழா சனிக்கிழமை. புருசனை அறையில் பூட்டி வைத்தால் அக்கம்பக்கம் சந்தேகப்படும், கூட்டத்தில் நின்றால் ஒருவருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டு இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கிழிந்ததைத் தைக்க ஊசிநூலோடு நகர வாசலில் நிற்பது என் பொறுப்பு. "இஞ்சாருங்கோ, ஒரு இடத்திலை அசையாமல் நில்லுங்கோ" என்று பலமுறை சொன்னேன். "ஓம் ஓம்" என்றார்.

எக்காளம் ஊதியது. இளவரசர் வெள்ளைக் குதிரையில் வந்தார். வாரம் முழுக்க இறைச்சி வெட்டுகிற டோனிதான் அவர் என்பது எனக்குத் தெரியும். இருந்தும், மூடிய கதவின் முன் இறங்கி, தொப்பியைக் கழற்றி, கையை உயர்த்தி அவர் சத்தியம் செய்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கதவு உறுமிக்கொண்டு திறந்தது. அவர் மறுபடி குதிரையேற, சாக்குச் சட்டைக்காரர்கள் ஓடிவந்து போர்வையைப் பிடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் புருசனைக் காணோம்.

அவர் குதிரையின் வலது பக்கத்தில், ஜீன்ஸ் ஜக்கெட்டோடு, போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போகிறார். முகத்தில் அப்படி ஒரு பக்தி!

முழங்கையால் இடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடி அவருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

"விடுங்கோ! கையை விட்டிட்டு வாங்கோ!"

"என்னப்பா, எல்லாரும் வடம் பிடிக்கினம். நான் மட்டும் வேடிக்கை பாக்கிறதே?"

தேர் என்று நினைத்துவிட்டார்! ஊர் கூடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் தானும் ஒரு கை வைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறொன்றும் தெரியாது. முன்னால் இரண்டு பொலிசார் நின்றார்கள். ஒருவர் இவரைப் பார்த்துவிட்டு ஓரடி முன்னே வைத்தார். குதிரைமேல் இருந்த டோனி குனிந்து இவரைப் பார்த்தார், பொலிசைப் பார்த்தார். "அவர் என் துணியைப் பிடித்திருக்கிறார்" என்றார். அவ்வளவுதான். பொலிஸ்காரர் அடியைப் பின்னே எடுத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இனி இவர் கையை விட்டால்தான் ஆபத்து.

"விடாதேங்கோ" என்றேன். "செத்தாலும் விடாதேங்கோ."

சதுக்கத்தில் கட்டியக்காரர் வெள்ளிப் பிடி போட்ட கோலோடு காத்திருந்தார். அவரைக் கண்டதும் எனக்கு உயிர் போய்விட்டது. முடி தோளில் விழ, சிவப்பு அங்கியில் நின்றவர் ஹெர் லோரென்ஸ்.

பன்றி திருடியவனுக்கும் நகரசபையைத் திட்டியவனுக்கும் ஊர் சிரித்துச் சிரித்து மன்னிப்புக் கொடுத்தது. பிறகு இவர். கட்டியக்காரர் இவரையும் பார்த்தார், பின்னால் நின்ற என்னையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உன் குற்றம் என்ன?" என்று கேட்டார்.

கேள்வி இவருக்கு விளங்கியது. முகாமில் படித்த ஜெர்மனில், "அனுமதி இல்லாமல் வந்தேன். என் மனைவி இங்கே" என்றார்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. குதிரை தலையை ஆட்டிய மணிச்சத்தம் சதுக்கம் முழுக்கக் கேட்டது.

"இவன்மேல் குற்றம் சாட்டுபவர் உண்டா?" என்று இளவரசர் கேட்டார்.

கேட்டவர் இறைச்சிக்கடை டோனி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஒருவர் என் புருசனுக்காகக் கேட்பது போலிருந்தது. ஊர் கட்டியக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றது. வேசத்தைக் கழற்றினால் குற்றம் சாட்டும் உத்தியோகம் அவருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் கோலை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"நீமண்ட்" என்றார்.

"கேட்கவில்லை" என்றார் இளவரசர்.

"நீமண்ட்!" என்று ஹெர் லோரென்ஸ் கத்தினார். சதுக்கம் முழுவதும் அதைத் திருப்பிக் கத்தியது. கோயில் வெளிவீதியில் ஆயிரம் பேர் அரோகரா போடும்போதுகூட எனக்கு உடம்பு அப்படி நடுங்கியதில்லை. என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனால் விளையாட்டு சனிக்கிழமையோடு முடிந்தது. திங்கட்கிழமை பொலிஸ் வருவதற்கு முன் நாங்களே போய்விடுவது நல்லது என்று இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். ஹெர் லோரென்ஸ் பழைய சாம்பல் நிறக் கோட்டில் இருந்தார். எங்களைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்தார்.

"சட்டம் மாறவில்லை" என்றார். "கணவன் மனைவி விஷயத்தில் முடிவெடுக்கச் சட்டம் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தை நான் இதுவரை பாவித்ததில்லை. மூன்றாவது அன்ட்ராக்கை இங்கேயே எழுதுங்கள், இன்றே சம்மதம் எழுதி அனுப்புகிறேன். மாற்றம் வரும்வரை இங்கே தங்க அவருக்கு அனுமதியும் தருகிறேன்."

"அனுமதி இல்லாமல் வந்தாரே, அந்த வழக்கு?" என்று கேட்டேன்.

"அதை நான்தான் எழுதி அனுப்ப வேண்டும்" என்றார். "ஊர் முழுக்கக் கேட்க, குற்றம் சாட்ட ஒருவருமில்லை என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு வந்து, நான் இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?"

அந்த அலுவலக ஜெர்மனில் பாதியும் விளங்காத என் புருசன் என் கையைச் சுரண்டினார். "என்னவாம்? திருப்பி அனுப்பப் போறாராமோ?"

வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். அவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.