ஜாமீன் இல்லாத செர்ரி மரம்

இந்தக் காலத்து மனிதர்களுக்கு எங்கே என்ன பேசவேண்டும் என்பதே தெரிவதில்லை. மரத்தை மிரட்டக்கூட ஒரு துணை கிடைக்கவில்லை கிழவர் ருஸ்தமுக்கு. காய்ப்புக் குறைந்த மரத்தின் முன்னால் ஒருவர் கோடரியை ஓங்கவேண்டும். இன்னொருவர் ஓடிவந்து, "வெட்டாதே, அடுத்த வருஷம் காய்க்கும், நான் ஜாமீன்" என்று தடுக்கவேண்டும். அந்தப் பயத்தில் மரம் காய்க்கும். இத்தனை காலம் ஜாமீன் நின்ற பக்கத்து வீட்டு துர்சுன், மகளோடு இருக்கப் பூர்சா நகரத்துக்குப் போய்விட்டான்.

செர்ரி மரமோ உச்சியில் மட்டும் காய்த்தது. ஏணி எட்டவில்லை, குருவிகள்தான் தின்றன. பிடுங்கிவிட்டு வாதுமை வைக்கலாம் என்று மகன் பேச ஆரம்பித்திருந்தான். வேறு வழியில்லாமல் ஆகஸ்ட் வெயிலில் கிழவர் கோடரியை எடுத்தார். செர்ரிக்குப் பேர்போன கெமால்பாஷா பக்கத்துத் தோட்டங்களில் பழம் பறித்து வளர்ந்த மருமகள் நெவ்ரியேயைக் கூட்டிவந்து நிறுத்தினார். என்ன சொல்லவேண்டும் என்று சொல்லித்தரவில்லை. இதுகூடவா தெரியாது?

"வெட்டப்போறேன்! காய்க்காத மரம் எனக்கு எதுக்கு?"

"வெட்டுங்க மாமா. கோடாலி வேணாம், ரம்பம் எடுத்துட்டு வரேன்."

கிழவரின் கை அந்தரத்தில் நின்றது. "அடிப்பாவி! மரம் கேட்டுடுச்சே! ஜாமீன் நிக்க ஆளில்லேன்னா நான் வெட்டித்தானே ஆகணும்?"

"மரத்தை யாரு வெட்டச் சொன்னா? உச்சியை வெட்டுங்க."

ருஸ்தம் யோசித்தார். உச்சியும் மரம்தானே. சொன்ன சொல்லும் நிற்கும், மரமும் நிற்கும்.

"இலை உதிரட்டும். குளிர்ல வெட்டுவோம்."

"குளிர்கால ஈரத்துல வெட்டினா காயத்துல நோவு இறங்கி, பிசினா வடிஞ்சே செத்துடும் மாமா. எங்க ஊர்ல பழம் பறிச்ச கையோட காய்ஞ்ச நாளாப் பாத்து வெட்டுவோம்."

"உங்க ஊர்ல கல்யாணத்துக்கே உப்பில்லாத சோறு போட்டவங்க நீங்க."

அவள் சிரித்துக்கொண்டே ரம்பத்தை எடுத்துவந்து மரத்தில் ஏறினாள். பட்டை கிழியாமல் இருக்க முதலில் கிளையின் அடியில் ஒரு கீறல், பிறகு மேலிருந்து அறுப்பு. பக்கக் கிளை பிரியும் இடம் பார்த்து நிறுத்தினாள். பட்டுப்போனவை, ஒன்றையொன்று உரசியவை எல்லாம் விழுந்தன. மரத்துக்குள் வெயில் இறங்கியது. ஒவ்வொரு கிளை விழும்போதும் கிழவர் பல்லைக் கடித்தார்.

"போதும்டி, மொட்டை அடிச்சுட்டே!"

"அவ்வளவுதான். மிச்சம் அடுத்த வருஷம்." இறங்கி வந்தவள் மரத்தைத் தட்டினாள். "இனி கீழேயும் காய்க்கும். நான் ஜாமீன், போதுமா?"

"வெட்டினவளும் நீ, ஜாமீனும் நீயா? எந்த மரம் நம்பும்?"

கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.