நனையாத தலை

முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ராஜஸ்ரீ லேப் வாசலுக்கு வந்தாள். ஒன்பதாவது வாரம், ஒன்பதாவது ஊசி. ரத்தம் எடுக்கும் ஷிஜி இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. முதல் வாரம் கர்ப்ப ஹார்மோன் பதினெட்டாயிரம் என்று வந்ததும், "சேச்சி, கன்கிராட்ஸ் கேட்டோ" என்று மலையாளத்தில் நாலு பேர் முன்னால் வாழ்த்திவிட்டாள், பாவம். பிள்ளை இல்லாத வயிற்றுக்கு இத்தனை பெரிய எண் வருமென்று யார் கண்டது?

முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்றார் டாக்டர்; கரு பிள்ளையாக வளராமல் முத்து முத்தாக நீர்க்கொப்புளமாகிவிடுமாம். நாலாம் மாதத்தில் எல்லாவற்றையும் சுத்தம் செய்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ரத்தத்தில் அது மிச்சமிருக்குமாம். வாராவாரம் எண் இறங்கிப் பூஜ்யத்தை ஒட்ட வேண்டும். ஏறினால் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து.

புருஷன் மஹேஷ் இதையும் தன் கழக்கூட்டம் கம்ப்யூட்டர் ஆபீஸ் வேலையாகவே எடுத்துக்கொண்டான். எண்ணைக் கேட்பான், போனில் போட்டு வைத்திருக்கும் வரைபடத்தில் கோட்டைக் கீழே இறக்குவான், லேப்டாப்பைத் திறந்துவிடுவான். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கிடையாது.

அதுகூடப் போகட்டும். அவளுக்கு ஆறாதது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள்தான். மாமியார் ஜெயலக்ஷ்மி வாசலிலேயே சொல்லிவிட்டாள்: தாய்க்கு நாலு நாள் தீட்டு, தகப்பன் தலைக்குக் குளித்தால் போதும். பின்னறையில் பாயில் கிடந்தபடி, கிணற்றடியில் தண்ணீர் கொட்டும் சத்தத்தை ராஜஸ்ரீ கேட்டாள். பிறகு அவன் ஜன்னலைக் கடந்து போனான். வேஷ்டி நனைந்திருந்தது, தலைமுடி காய்ந்து கிடந்தது. இந்த ஸ்ரீவராகம் தெருவில் முகமே பார்த்திராத பங்காளி செத்தாலும் தலை முழுகுவார்கள். தன் பிள்ளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள இவனுக்கு மனசில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை.

மூன்று மணிக்கு ரிசல்ட் வந்தது. ரெண்டுக்கும் கீழே. இனி பயமில்லை என்று டாக்டர் போனில் சந்தோஷமாகச் சொன்னார். மாமியார் பாயசத்துக்குப் பால் வைத்தாள். ராஜஸ்ரீக்கோ, வயிறு இன்றைக்குத்தான் நிஜமாகக் காலியானது போலிருந்தது. மஹேஷுக்கு எண்ணை மட்டும் அனுப்பினாள்.

ஐந்து மணிக்கெல்லாம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவன் உள்ளே வரவில்லை, பக்கவழியாகப் பின்னால் போனான். கிணற்றில் வாளி விழுந்தது. ராஜஸ்ரீ பின்கதவுக்கு வந்தாள். ஆபீஸ் சட்டையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக நின்று தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு வாளி, இன்னொரு வாளி.

"அன்னிக்கு அம்மாகிட்ட பொய் சொன்னேன், ராஜி," என்றான், அவளைப் பார்க்காமல். "நான் தலைக்கு ஊத்திக்கலை. உன் ரத்தத்துல இன்னும் இருக்குன்னு டாக்டர் சொன்னாளே. இருக்கறச்சேயே எப்படி முழுகறது?"

சமையலறையிலிருந்து ஜெயலக்ஷ்மி, பாயசத்துக்கு வெல்லமா சர்க்கரையா என்று கேட்டாள்.

ராஜஸ்ரீ படியிறங்கிப் போய், அவன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றித் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். கொண்டையை அவிழ்த்துக்கொண்டு அவன் பக்கத்தில் குனிந்தாள்.

"எனக்கும் விடுங்கோ," என்றாள்.

அவன் வாளியைக் கிணற்றில் இறக்கினான்.