கதவில் இரண்டு தட்டு

"வண்டியில முன்னாடி உக்காந்தா உனக்குத் தலை சுத்துமா?"

பெண் பார்க்க வந்த அன்று முத்துவீரன் தமிழரசியிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "மாப்ள ஊரு சுத்திக் காட்டப் போறாரு" என்றாள் சித்தி ஜெயலட்சுமி. தமிழரசி குனிந்தபடியே இல்லையென்று தலையாட்டினாள். அப்புறம் பல நாள் அந்தக் கேள்வியை மனதுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள். பத்து வயதில், அந்தமானின் ஹட்பேயில், கடல் உள்ளே வந்து அம்மாவையும் வீட்டையும் கொண்டுபோனது. சௌல்தாரியில் சித்தி வீட்டுக்கு வந்தவள், எட்டாம் வகுப்போடு நின்று சித்தியின் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அவளுக்குத் தலை சுற்றுமா என்று யாரும் கேட்டதே இல்லை.

கல்யாணமான மறு வாரமே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டான். சௌல்தாரியிலிருந்து காய்கறியும் வாழைத்தாரும் போர்ட் பிளேர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் பிக்கப். இடது பக்கக் கண்ணாடி எப்போதோ மரக்கிளையில் இடித்துப் போயிருந்தது, அவன் மாற்றவில்லை. "நீதான் கண்ணாடி" என்றான். அவள் வாய் திறந்து பேசக் கூசுகிறவள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. "பேச வேணாம். கதவத் தட்டு போதும். ஒரு தட்டுன்னா போகலாம். ரெண்டு தட்டுன்னா இரு." ஜன்னல் வழியே கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தகரத்தில் தட்டுவது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை என்று தோன்றும்.

முன்பெல்லாம் அந்தப் பக்கம் ரோடு என்றால் நடுவில் போவது, எதிரே ஹாரன் கேட்டால் ஒதுங்குவது, அவ்வளவுதான். அகலப்படுத்திக் கோடு போட்ட பிறகு டிரைவர்கள் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். முத்துவீரன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். கோடு விட்டு விட்டு இருந்தால், பின்னால் பார்த்து, இண்டிகேட்டர் போட்டுத் தாண்டலாம். சேர்ந்து இருந்தால் அது சுவர். பிறகு தினமும் கேட்க ஆரம்பித்தான்.

"கோடு விட்டு விட்டு இருக்கா, சேந்து இருக்கா?"

அவளைச் சீண்டுகிறான் என்றுதான் நினைத்தாள். ஒன்றோ இரண்டோ தட்டுவாள். பின்னால் வாழைத்தார்களுக்கு நடுவில் உட்கார்ந்து வரும் கீரைக்காரி பேச்சியம்மா அதைக் கேட்டுக் கத்துவாள்: "பொண்டாட்டிக்குப் பரீச்ச வச்சது போதும்டா. ஜல்தி சலோ. கீர வாடுது."

அன்று மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்தது. கராச்சர்மாவுக்கு முன்னால் ஏற்றத்தோடு வரும் வளைவு. முன்னே மணல் லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. கழுவி விட்டது போன்ற தாரில் நடுக்கோடு வெள்ளை வெளேரென்று சேர்ந்தே கிடந்தது. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"விட்டு விட்டு இருக்கா, சேந்து இருக்கா?"

கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமாக இருந்ததால் அவளுக்கு விளையாட்டு வந்துவிட்டது. ஒரு தட்டுத் தட்டினாள். திரும்பிப் பார்த்துச் சிரிப்பான், காதைத் திருகுவான் என்று முகத்தை அவன் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் வலது பக்கம் ஒடித்து, கோட்டைத் தாண்டி ஏறினான்.

வளைவில் பஸ் வந்தது. தமிழரசி இரண்டு கையாலும் கதவை அடித்தாள். பஸ்ஸின் ஹாரன் நிற்காமல் கத்த, அவன் பிரேக்கை மிதித்து மறுபடி லாரிக்குப் பின்னால் வந்து ஒதுங்கினான். கூடைகள் சரிந்தன. பஸ்காரன் இந்தியில் திட்டியது வளைவு முடியும்வரை கேட்டது.

கராச்சர்மாவில், ரோடு போக இரண்டு, வர இரண்டு என்று பிரியும் இடத்தில், ஓரமாக நிறுத்தினான். பேச்சியம்மா கீரைக்கட்டோடு இறங்கினாள். "அரே முத்து, கண்ணு என்ன பொடனிலயா இருக்கு? நான் பஸ்ல போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"கோடு சேந்துதான இருந்துச்சு" என்றாள் தமிழரசி. தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "உங்களுக்குத் தெரியலையா?"

அவன் ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தான். "வெள்ளையா பொகை மாதிரி தெரியும். பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது."

"எப்பருந்து?"

"கல்யாணத்துக்கு முந்தியே. ஆஸ்பத்திரில பாத்தாச்சு. மெயின்லேண்ட் போனாலும் போன பார்வை வராதுன்னுட்டாங்க. இருக்கறதும் கொறஞ்சிக்கிட்டே போகுமாம்." துண்டை மடித்துக்கொண்டே, "நீ பக்கத்துல இருந்தா ஓட்டிருவேன். எனக்கு வேற என்ன வேல தெரியும், சொல்லு" என்றான்.

அவளுக்குச் சித்தி வீட்டுக் கூடம் கண்ணில் வந்தது. எல்லோரும் சிரித்தது. பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்த ஒரு கேள்வி.

"அதுக்குத்தான் அன்னிக்குக் கேட்டீங்களா? தலை சுத்துமான்னு?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "மொதல்ல அதுக்குத்தான்."

மொதல்ல என்பதற்கு மேலே ஏதோ வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. இறங்கிப் பின்னால் போய்ச் சரிந்த கூடைகளை நிமிர்த்தினாள். அவன் வண்டியைக் கிளப்பினான்.

"மார்க்கெட்டுக்கு நேரமாச்சு. ஏறு."

அவள் ஏறவில்லை. இடது கதவருகே வெளியே நின்றாள். வலது இண்டிகேட்டர் மின்னிக்கொண்டிருந்தது. அவன் நேராகவே பார்த்துக்கொண்டு அவள் கைக்காகக் காத்திருந்தான். பின்னால் ரோடு காலியாகத்தான் கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினால் பொய்கூட இல்லை. இன்றைக்குப் போய்விடலாம். நாளைக்கும், அதற்கு மறுநாளும். முன்னே தூரத்தில் சீருடைப் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு தட்டினாள்.

அவன் காத்திருந்தான். ஒரு ஸ்கூட்டர் போனது. மறுபடி ரோடு காலியானது. இந்த முறை அவன் முகம் லேசாக அவள் பக்கம் சாய்ந்திருந்தது. வெயிலில் சுட்ட தகரத்தின் மேல் அவள் கை கிடந்தது. மறுபடியும் இரண்டு தட்டினாள்.

என்ஜின் நின்றது.

சாவியை அப்படியே விட்டு அவன் இறங்கினான். வண்டியின் உடம்பைத் தடவிக்கொண்டே பின்பக்கம் வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். ரோட்டோரத்து வெள்ளைக் கோடு தாரைவிட ஒரு நூல் தடிப்பாக இருந்தது. காலால் துழாவி அதைக் கண்டுபிடித்து, அதன் மேல் பாதத்தை வைத்து, சௌல்தாரிப் பக்கமாக நடக்கத் தொடங்கினான். கிளை ரோடு சேரும் இடத்தில் கோடு விட்டுப்போயிருந்தது. அங்கே நின்றான். வெறுங்காலை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடினான். அகப்பட்டதும், திரும்பிப் பார்க்காமல், அதன் மேலேயே போய்க்கொண்டிருந்தான்.